சப்த்தும் ஜும்ஆவும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, பருத்தியும் கம்பும் உளுந்தும் எடுத்தபின், கோடை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அவ்வோய்வை எந்தச் சம்சாரியும் வீண் என்று எண்ணுவதில்லை. நிலத்துக்கும் ஓய்வு உண்டு என்பது பழைய வேத ஏடுகளிலும் காணப்படும் கருத்தாகும். ஏழாம் நாளில் மனிதரும், ஏழாம் ஆண்டில் நிலமும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று மூஸா (அலை) அவர்களின் சமுதாயத்தாருக்கு விதிக்கப்பட்டதாக அவ்வேடுகள் கூறுகின்றன. அந்த ஏழாம் நாளே சப்த்து எனும் சனிக்கிழமை.

அரபியில் ‘ஸபத்த’ என்னும் வேர்ச்சொல்லுக்குத் துண்டித்தல், நிறுத்துதல் என்பது பொருள். திருக்குர்ஆன் உறக்கத்தைக் குறிக்க ஆளும் ‘ஸுபாத்’ (78:9) என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே சப்த்து என்பது வெறும் சோம்பியிருத்தல் அன்று. உலகத் தொழிலிலிருந்து உள்ளத்தை அறுத்தெடுப்பதே அதன் உட்பொருள்.

இச்சனிக்கிழமைக்காக நம் மண்ணிலேயே ஒரு சபை பிளந்த வரலாறு உண்டு. கரிசலுக்குத் தெற்கே, அதே தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத்தை அடுத்துள்ளது பிரகாசபுரம். அங்கு வாழ்ந்த அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை, ஆங்கிலேய மிஷனில் உபதேசியாராக இருந்து, பாதிரிமாரோடு மாறுபட்டு வெளியேறியவர். 1849இல் கால்டுவெல் வெளியிட்ட சாணார் பற்றிய ஆங்கில நூல், தம் சமூகத்தைத் தாழ்த்துகிறது என்ற மனக்குமுறல் அவரிடமும் அவரைச் சார்ந்தோரிடமும் இருந்தது. 1857இல் அவர்கள் ஐரோப்பியத் தலைமையை உதறித் தனிச்சபை கண்டனர். ஞாயிறு ஐரோப்பியர் வழக்கமென்றும், வேதம் விதித்தது சனியே என்றும் கூறி, சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கொண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் பிரகாசபுரத்தில் கால்கொண்டதற்கும், சனியைப் போற்றும் மக்கள் அங்கு முன்பே இருந்தது வழிவகுத்தது.

அம்மக்களின் கொள்கை நமக்கு உடன்பாடானதன்று. எனினும், தமக்கென ஒரு நாளைத் தேடியவர்கள் உண்மையில் தம் மானத்தையே தேடினார்கள் என்பதை வரலாற்று மாணவர் மறுக்க இயலாது. இறைவனுக்கென ஒதுங்கும் நேரத்தைத் தாமே நிர்ணயிக்க முடியாதவன் பாதி அடிமையே.

சப்த்தின் பழைய சட்டத்தில் மற்றோர் அம்சமும் உண்டு. எசமானன் மட்டுமன்றி, பணியாளும், அண்டியிருக்கும் அந்நியனும், உழவு மாடும் அன்று ஓய வேண்டும். ஆனால் நாளைப் பேணுவது மட்டும் போதாது. கடலோர ஊரொன்றில், சப்த்து நாளில் மட்டும் மீன்கள் திரண்டு வந்து சோதிக்கப்பட்ட மக்களைத் திருக்குர்ஆன் (7:163) நினைவூட்டுகிறது. முன்கூட்டியே வலை விரித்து, சப்த்து கழிந்தபின் மீனை அள்ளினர் என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். கை ஓய்ந்திருந்தது, ஆசை ஓயவில்லை.

இனி ஜும்ஆவுக்கு வருவோம். வானங்களையும் பூமியையும் படைத்தவனுக்குக் களைப்பு ஏதும் தீண்டவில்லை என்கிறது திருமறை (50:38). எனவே இறைவன் ஓய்ந்த நாள் என்ற கருத்துக்கே இஸ்லாத்தில் இடமில்லை. பாங்கு கேட்டதும் வணிகத்தை விடுக. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவி அவன் அருளைத் தேடுக என்பதே ஆணை (62:9-10). நம் அரபுக் கல்லூரிகள் வெள்ளியன்று விடுமுறை விடுவது நல்ல மரபே. எனினும் அது மார்க்கக் கட்டளையன்று. முழுநாள் ஓய்வைக் காட்டிலும், ஓடும் தொழிலின் நடுவே நிற்பது கடினம். ஜும்ஆ கேட்பது அக்கடினமான நிற்றலைத்தான்.

அதற்கு உழைப்பாளியின் நேரம் அவன் கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் அது எளிதில் கிடைத்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் வார விடுமுறை கோரினார். 1890இல்தான் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றை வகுத்தாலும், அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் மாற்று விடுமுறை தரவும் இடமளித்தது. வெள்ளிக்கிழமையும் அவ்வெல்லைக்குள் அடங்கும். ஆயினும் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளில் எண்ணிக்கைக்குக் கூலி பெற்றவருக்கு, ஓய்ந்த ஒவ்வொரு நாழிகையும் குறைந்த கூலியே ஆயிற்று.

இங்குதான் நம் சமுதாயத்து வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டும். முந்திப் பள்ளிக்கு வருபவர் ஒட்டகம் குர்பானி கொடுத்தவர் போன்றவர் என்றும், பணியாளர் உங்கள் சகோதரர், சக்திக்கு மீறி அவர்கள்மீது சுமத்தாதீர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். குத்பா முடியும் தறுவாயில் கதவைச் சாத்தி ஓடிவருவதும், பணியாளைக் கல்லாவில் அமர்த்திவிட்டுத் தாம் மட்டும் தொழுவதும் மீன்பிடித்தோர் வலைக்கு எவ்வளவு தூரம்? கூலி பிடிக்காமல் அவரை விடுவிப்பதும், அவர் மாற்றுச் சமயத்தவராயின் அவர் வேண்டும் நாளில் ஓய்வளிப்பதும் ஜும்ஆவின் மாண்பைச் சேர்ந்தவையே. தனக்குக் கிட்டிய நேரத்தைப் பிறருக்கும் அளிக்காத ஓய்வில் இறைசிந்தனை எங்ஙனம் விளையும்?