கற்பிட்டிக் கோட்டையும் தலவில நேர்த்தியும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் வரலாற்றுச் சின்னங்களுள் இரண்டு சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. ஒன்று, 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. மற்றது, அதற்குத் தெற்கே தலவிலவில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயம். அதன் இன்றைய கட்டடம் 1837 முதல் 1843 வரையிலான காலத்தது. முன்னதை அரசியல் வரலாற்றுக்கும் பின்னதைச் சமய வரலாற்றுக்கும் பங்கிடுவது வழக்கம். ஆயின் இரண்டையும் கடல் வணிகத்தின் பின்னணியில் இணைத்து நோக்குதல் வேண்டும்.

புத்தளக் களப்பின் வாயிலில் நின்று கண்டி இராச்சியத்தின் வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே கோட்டையின் பணி. போர்த்துக்கேயர் காலத்து யேசுசபைச் சிற்றாலயம் இருந்த இடத்தில் அது எழுந்தது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு ஒல்லாந்தர் 1658இல் மரணதண்டனை விதித்தனர். எனினும் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்தார். பின்னர் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திலும் பணியாற்றினார். குருவைத் தடுக்கச் சட்டம் முயலலாம். மக்களை வழிபாட்டுக்குத் தூண்டும் வாழ்நிலையை அதனால் மாற்றவியலாது.

அவ்வாழ்நிலை யாது? துரோபிரியாந்துத் தீவினர் களப்பு மீன்பிடியில் மந்திரத்தை நாடுவதில்லை. ஆபத்து நிறைந்த ஆழ்கடல் மீன்பிடியிலேயே நாடுகின்றனர் என மலினோவ்ஸ்கி காட்டினார். உண்மையான தொழில்நுட்பத்தின் குறையை நிரப்பும் கற்பனைத் தொழில்நுட்பமே மந்திரம் என ஜோர்ஜ் தொம்சன் விளக்கினார். தலவில மரபுகளோ இயற்கை அச்சத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு கதையில், கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஐரோப்பிய வணிகன் அன்னையின் திருவுருவத்தை மரத்தடியில் வைத்து, வணிகம் செழித்தால் கோயில் எழுப்புவதாக நேர்கிறான். மற்றொன்றில், கொழும்பிலே தொழில் தேடிக் கிடையாது மீளும் வறிய போர்த்துக்கேயன் மரத்தடியில் உறங்கிக் கனவு காண்கிறான். ஒருவனை அலைக்கழிப்பது கடலும் சந்தையும். மற்றவனை அலைக்கழிப்பது வேலையின்மை. எனவே மந்திரத்தின் வேர் இயற்கையில் மட்டுமன்றிச் சமுதாய உறவுகளிலும் உள்ளது.

'நேர்த்திக்கடன்' என்ற சொல்லும் இவ்விடத்துச் சிந்திக்கத்தக்கது. கடமை என்றும் கொடுக்கல் வாங்கல் என்றும் பொருள்படும் 'கடன்' அதில் உறைகிறது. வணிகனின் நேர்த்தியில் இவ்விரு பொருளும் ஒன்றாகின்றன: இலாபம் வந்தால் கோயில் என்பதே உடன்படிக்கை.

தலவில விழாவுக்குக் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் வருவதுண்டு. இதனைச் சமயப் பொறை என்று மட்டும் பாராட்டி அமைவது போதாது. நோயும் கடலும் சந்தையும் விளைக்கும் நிச்சயமின்மை அனைவர்க்கும் பொதுவானது. சமயவாரியாக வரலாறு எழுதும் முறை இப்பொதுமையை மறைத்து, ஒன்றாக நேர்ந்தோரை வெவ்வேறு சமூகங்களாக மட்டுமே காட்டிவிடுகிறது. கோட்டைக் கற்களைப் பேணுவதோடு, தொழிலாளரின் நேர்த்தி மரபுகளையும் அவர்தம் வாய்மொழியிலேயே பதிவுசெய்தல் ஆய்வாளர் கடனாகும்.