பண்ணுக்கு உரியவர் யார்? பக்தாத் முதல் பதிப்புரிமைச் சட்டம் வரை

ஒரு பாடல் யாருடைய சொத்து? யாத்த புலவருடையதா, பண்ணமைத்தவருடையதா, பாடியவருடையதா, பொருள் கொடுத்து உருவாக்கச் செய்தவருடையதா? ஒலித்தட்டும் திரைப்படமும் வந்த பின்னர் எழுந்த கேள்வி இது என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் இதன் ஒரு பகுதியே புதியது. மற்றொரு பகுதி ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாஸியர் கால பக்தாதில் விவாதிக்கப்பட்டது. அந்த வரலாற்றை அறிந்தால், இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தையும் அதுபற்றி ஃபுகஹாக்கள் கூறியவற்றையும் தெளிவாக எடைபோட இயலும். இசை கேட்பது கூடுமா, கூடாதா என்னும் மஸ்அலா ஈண்டு நம் பொருளன்று. அதில் எக்கருத்தைக் கொண்டவரும், பிறருடைய உழைப்பு பிறருக்கே உரியது என்பதில் வேறுபட மாட்டார்.

அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ (ஹி. 284-356 / கி.பி. 897-967) தொகுத்த 'கிதாபுல் அகானீ'யை அரபு இலக்கியம் பயின்றோர் நன்கறிவர். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இப்ராஹீம் அல் மவ்ஸிலீ, இஸ்மாயீல் இப்னு ஜாமிஃ, ஃபுலைஹ் இப்னு அபில் அவ்ரா ஆகிய மூவர் தேர்ந்தெடுத்த நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு அந்நூல் விரிகிறது. ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், கவிதை இன்னாருடையது, பண் இன்னாருடையது, தாளம் இன்னது என்று பிரித்துரைப்பது அபுல் ஃபரஜின் முறை. ஒரே கவிதைக்கு இருவர் பண்ணமைத்திருப்பின் இருவரையும் குறிப்பிடுவார். செய்தி யார் வழியாக வந்தது என்பதையும் இஸ்னாதாக முன்னிறுத்துவார். ஹதீஸ் கலையில் தழைத்த ஒழுங்கு பாடல் வரலாற்றிலும் ஆளப்பட்டிருப்பது நோக்கத்தக்கது.

இந்நூல் எழுந்த காரணமே ஒரு பெயர்ச் சிக்கல்தான். இப்ராஹீமின் மகன் இஸ்ஹாக் அல் மவ்ஸிலீ (ஹி. 150-235 / கி.பி. 767-850) தம் காலத்து இசைவாணருள் தலைசிறந்தவர். அவர் பெயரால் பாடல் தொகுப்பு நூலொன்று பக்தாதில் உலவியது. இஸ்ஹாகின் மகன் ஹம்மாத் அது தம் தந்தை எழுதியதன்று என மறுத்தார். தந்தையிடம் பணியாற்றிய வர்ராக், அதாவது நூற்படி எடுத்து விற்பவர், தந்தையின் மறைவுக்குப் பின் தொகுத்ததே அது என்றார். நம்பத்தக்க நூலொன்று வேண்டும் எனத் தலைவர் ஒருவர் கேட்டதாலேயே தாம் எழுதத் துணிந்ததாக அபுல் ஃபரஜ் முன்னுரையில் தெரிவிக்கிறார். பிறர் ஆக்கத்தைத் தம்முடையது எனல் ஒரு திருட்டு. தம் ஆக்கத்தைப் புகழ்பெற்ற ஒருவர் பெயரில் ஏற்றி விற்பது மற்றொரு திருட்டு. அக்காலத்தார் இரண்டையும் அறிந்திருந்தனர்.

பெயருக்கு அடுத்து வருவது வடிவம். ஹாரூன் அர்ரஷீதின் தம்பியான இளவரசர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தீ சிறந்த குரல் வளம் உடையவர். பழம் பண்களைத் தம் விருப்பப்படி சுருக்கியும் மாற்றியும் பாடினார். தாம் அரச குலத்தவர், மகிழ்ச்சிக்காகப் பாடுபவர், ஆகவே தமக்குத் தடை இல்லை என்பது அவர் வாதம். இஸ்ஹாக் இதனை வன்மையாக எதிர்த்தார். முன்னோர் அமைத்த பண்ணை அமைத்தவாறே ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் நிலை. இவ்விருவர் பூசலும் 'அகானீ'யில் பல பக்கங்களில் பதிவாகியுள்ளது. ஆக்கியோன் பெயரைக் கோருவதும், ஆக்கம் சிதைக்கப்படுவதைத் தடுப்பதும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில் ஆசிரியருக்கு வழங்கும் தனியுரிமைகளாகும். பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் இவை ஆசிரியரிடமே நிற்கும். அந்நாளில் இதற்குச் சட்டமில்லை. எனினும் இதன் உட்பொருளை இஸ்ஹாக் வாதிட்டுச் சென்றார் எனலாம்.

ஆனால் பொருள்வழி உரிமை அன்று இல்லை. பாடியவருக்கு அன்பளிப்பு உண்டு. பாடலை மற்றொருவர் கற்றுப் பாடினால் அதில் பங்கு கிடையாது. நூலாசிரியர் நிலையும் அதுவே. 'அகானீ'யை ஏற்று அலெப்போவின் ஸைஃபுத் தவ்லா ஆயிரம் தீனார் வழங்கியதாகவும், அது போதாது என ஸாஹிப் இப்னு அப்பாத் குறைப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர் குறிப்பர். அளிப்பவர் மனம் குறுகினால் ஆசிரியர் கேட்டுப் பெற வழியில்லை. பின்னர் இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தீ (ஹி. 849-911 / கி.பி. 1445-1505) நூல் திருட்டைக் கண்டித்து 'அல் ஃபாரிக் பைனல் முஸன்னிஃபி வஸ்ஸாரிக்' எனத் தனி நூலே எழுதினார். அதிலும் பேசப்படுவது அமானிதமும் பெயருமே, பணமன்று.

குரலைப் பிடித்து வைக்கும் கருவி வந்ததும் நிலைமை மாறிற்று. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியவை ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாயின. பாடி முடித்ததும் அவர் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். தட்டில் சரியான பெயர் ஒட்டப்பட அது உதவிற்று. இஸ்னாத் சொல்லும் அறிவிப்பாளர் இல்லாத இடத்தில் பாடகரே தம் பெயரை அறிவிக்க நேர்ந்தது. பெயர் தட்டிலேறியது. ஆனால் படியெடுத்து விற்கும் உரிமை நிறுவனங்களின் கைக்குச் சென்றது.

1914ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, விடுதலை பெற்ற இந்தியா 1957இல் தனக்கெனப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. புலவர்களும் இசையமைப்பாளர்களும் 1969இல் உருவான இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தின் வாயிலாக, தம் பாடல்கள் பொதுவில் ஒலிக்கும்போது கட்டணம் கோரினர். திரைப்பட அமைப்புகள் மறுத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஊதியம் கொடுத்து ஆக்குவித்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லையேல் ஆக்கியோருக்கு அதில் பங்கில்லை என்று 1977இல் தீர்ப்பாயிற்று. அதனோடு தனிக் குறிப்பு எழுதிய நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகரின் உரிமையைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை எனச் சுட்டி வருந்தினார். நிகழ்த்துவோருக்கான உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒருபடி சென்றது. திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாடலும் இசையும் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது, அவற்றுக்குரிய உரிமைத்தொகையில் ஆக்கியோருக்குச் சமபங்கு உண்டு. அவ்வுரிமையை அவர் எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இதற்காக வாதாடியவருள் முதன்மையானவர் அன்று மாநிலங்களவை உறுப்பினராயிருந்த உருதுக் கவிஞர் ஜாவேத் அக்தர்.

ஃபிக்ஹ் நோக்கில் இவ்வுரிமை 'மால்' ஆகுமா என்பதே அடிப்படைக் கேள்வி. கையகப்படுத்திச் சேமிக்கத்தக்க பொருளையே முற்கால ஹனஃபீ அறிஞர்கள் மால் என்றனர். ஷாஃபியீ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகளில் பொருளால் விளையும் பயனும் மாலாகும். கடற்கரை ஊர்களில் ஷாஃபியீகளும் உள்நாட்டில் ஹனஃபீகளுமாகப் பெரிதும் வாழும் தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கல்வியை மறைத்தலாகாது என்பதைக் கருதி, பதிப்புரிமை விற்பனையைத் துணைக்கண்டத்து முஃப்திகள் சிலர் முன்னர் ஏற்கவில்லை. பிற்காலத்தார், முஃப்தி முஹம்மத் தகீ உஸ்மானீ போன்றோர், வணிக வழக்காறாகிய உர்ஃபை ஆராய்ந்து இசைவு கூறினர். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சார்பிலான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியது. நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப்பெயர் ஆகியவற்றுக்கான உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று அது தீர்மானித்தது.

இங்கே ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். உரிமையைச் சொத்து என ஒப்புக்கொண்டால் மட்டும் நீதி வந்துவிடுவதில்லை. சொத்தை வாங்கலாம், ஆகவே வறுமையில் இருப்பவரிடமிருந்து ஒரே ஒருமுறை கொடுக்கும் தொகைக்கு வாங்கிவிடவும் செய்யலாம். 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சொத்துரிமையை மறுக்கவில்லை. அது யாருடையது என்றே கூறியது. மக்களுக்குரியவற்றைக் குறைத்து விடாதீர் என்று மத்யன் வணிகருக்கு ஷுஐப் (அலை) அவர்கள் செய்த உபதேசம் அளவையையும் நிறுவையையும் மட்டும் நோக்கியதன்று. ஒருவருடைய ஆக்கத்தின் முழு மதிப்பு வெளிப்படுமுன் அதைச் சிறு விலைக்கு முடித்துக்கொள்வதும் குறைத்தலே என்பது நம் கருத்து. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், எழுதிக் கொடுத்தாலும் போகாத பங்கு ஒன்றை நிறுவியதால் இந்நீதிக்கு அண்மையில் நிற்கிறது.

மறுபுறம் எல்லையற்ற உரிமையும் நலமன்று. ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் என்றிருந்த காலத்தை, தாகூரின் ஆக்கங்கள் பொதுவுடைமையாகும் வேளையில் இந்தியா 60 ஆக நீட்டியது. அதற்குமேல் ஆக்கம் அனைவருக்கும் உரியது. அவ்வாறு ஒரு முடிவு இல்லாதிருந்தால் 'அகானீ' போன்ற பெருந்தொகுப்பை எவரும் தொகுத்திருக்க முடியாது.

நம்மவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நாகூர் ஈ.எம். ஹனீஃபா அவர்களின் குரலை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அவர் 2015இல் மறைந்தார், குரல் நிலைத்திருக்கிறது. ஆனால் நம் விழா மேடைகளில் ஒலிக்கும் இஸ்லாமியப் பாடல்கள் பலவற்றை எழுதிய புலவர் யார், பண்ணமைத்தவர் யார் எனக் கேட்டால் விடை சொல்வோர் குறைவு. சட்டம் தரும் தொகை வாரிசுகளைச் சேர வேண்டுமாயினும் முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அறிந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே, பாடல் இன்னது, புலவர் இன்னார், பண் இன்னாருடையது, இச்செய்தி இன்னார் வழி வந்தது என்று ஊர்தோறும் எழுதி வைக்க வேண்டும். அதற்குரிய முறையை அபுல் ஃபரஜ் முன்னரே வகுத்துத் தந்திருக்கிறார்.