மோட்டார் வாகன மரையாணிகள்: மாற்றீடும் மரை அளவு மாற்றமும்

வாகனத்தின் பாகங்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் மரையாணி, அதாவது பட்டறைகளில் போல்ட் எனப்படுவது, வேலை செய்யும் முறையில் மிக விறைப்பான ஒரு சுருள்வில்லுக்கு ஒப்பானது. முடுக்கும்போது அதன் தண்டு நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்கு மீள முயலும் இழுப்பே இரு பாகங்களையும் நெருக்கி, அவை வழுக்காமல் காக்கும் பிடிவிசையாகிறது. சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்துவதும், சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே இப்பிடிவிசை உண்டாக்கும் உராய்வுதான். ஆகவே துளைக்குள் இறங்கிவிடும் போல்ட் எல்லாம் பொருந்திய போல்ட் ஆகிவிடாது.

மாற்றுப் போல்ட் ஒன்றைத் தேர்வதற்கு அதன் விட்டம், மரை இடைவெளி, வலிமை வகுப்பு, தலை அமரும் பரப்பின் வடிவம் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். ‘எம் 12 × 1.5’ என்ற குறியீடு 12 மி.மீ. வெளிவிட்டத்தையும், அடுத்தடுத்த இரு மரை முகடுகளுக்கு இடையே 1.5 மி.மீ. தூரத்தையும் குறிக்கும். தலையில் பொறிக்கப்படும் 8.8, 10.9 போன்ற எண்கள் வலிமை வகுப்பைக் காட்டுகின்றன. 8.8 எனில் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் பத்தில் எட்டுப் பங்கான 640 மெகாபாஸ்கலில் எஃகு மீளாமல் நீளத் தொடங்கும், 10.9 வகுப்பில் இவை 1000, 900 மெகாபாஸ்கல். துருப்பிடிக்காது என்று விரும்பி வாங்கப்படும் ஏ2-70 வகைத் துருவுறா எஃகுப் போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்தான் என்பதால், பளபளப்பைக் கண்டு அதை 8.8 இருந்த இடத்தில் பொருத்துவது தவறு.

பெரிய ஆபத்து, ஏறக்குறைய ஒத்துவரும் மரைகளில் இருக்கிறது. டொயோட்டா, ஹோண்டா கார்களின் சக்கர மரைகள் பெரும்பாலும் எம் 12 × 1.5, சுசுகி, நிசான் கார்களில் பரவலாகக் காணப்படுவது எம் 12 × 1.25. ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்றினால் சில சுற்றுகளில் சிக்கிக்கொள்ளும். அத்தடையை முடுக்கம் என்று கருதி மேலும் திருகுபவர் இரு மரைகளையும் அழித்துவிடுவார். இதைவிடக் கொடியது சிக்காமல் ஏறுவது. பழைய அமெரிக்க வண்டிகளின் அரை அங்குல, அங்குலத்துக்கு 20 மரை கொண்ட நட், எம் 12 × 1.25 ஸ்டட்டில், அதாவது ஹப்பில் பதிந்த மரைத்தண்டில், தடையின்றிச் சுழன்று ஏறும்; மரை இடைவெளி 1.27 மி.மீ. என்பதால் வேறுபாடு கைக்குத் தெரியாது. ஆனால் விட்டம் 0.7 மி.மீ. கூடுதலாக இருப்பதால் மரைகள் நுனியளவே பற்றி நிற்கும். நட்டின் அடிப்புறமும் கவனிக்கத்தக்கது: டொயோட்டாவின் கூம்பு வடிவ நட்டை ஹோண்டாவின் கோள வடிவ இருக்கையில் அமர்த்தினால் மெல்லிய வளையமாக மட்டுமே தொட்டு, ஓட்டத்தில் தளரும்.

இக்குழப்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841இல் 55 பாகைக் கோண மரையையும், அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையையும் முன்மொழிந்தனர். 1948இல்தான் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகியவை ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டன. மோரிஸ் நிறுவனத்தின் சில பழைய எஞ்சின்களில் மரை மெட்ரிக்காகவும் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கு ஏற்றதாகவும் இருந்ததால், ஸ்பேனர் பொருந்துவதை வைத்து மரையை ஊகிக்க முடியாத நிலை இருந்தது. இன்றைய மெட்ரிக் கார்களிலும் இருக்கைப் பட்டியின் நங்கூரப் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குல மரையே. எனவே மரை அளவித் தகட்டை வைத்துப் பார்த்து, பிறகு கையாலேயே முழுவதும் ஏற்றிப் பார்ப்பது தவிர்க்கக் கூடாத வழக்கம்.

அலுமினியத்தில் மரை தேய்ந்து போனால் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவுப் போல்ட் போடுவது பட்டறைகளில் எளிதாகச் சொல்லப்படும் தீர்வு. ஆனால் அதே முடுக்கத்தில் எம் 8க்குப் பதில் எம் 10 போட்டால் பிடிவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தண்டு தடித்திருப்பதால் நீட்சியும் குறைந்து, அதிர்வில் எளிதில் தளர்கிறது. முடுக்கத்தைக் கூட்டினால் மெலிந்துபோன சுவர் வெடிக்கலாம். மூல அளவையே மீட்கும் சுருள் செருகி, அதாவது ஹெலிகாயில், இதைவிடச் சிறந்தது. எம் 8 × 1.25க்கு 8.3 மி.மீ. துளையிட்டு, அதற்கென உள்ள டேப்பால் மரை வெட்டி, துருவுறா எஃகுக் கம்பிச் சுருளை மேற்பரப்புக்குச் சற்றே கீழ் வரை திருகி இறக்கி, அடிநாக்கை முறித்து எடுக்க வேண்டும். அலுமினியத்தில் மரை பற்றும் ஆழம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. ஸ்பார்க் பிளக் துளையில் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவுவது, துருவல் சிலிண்டருக்குள் விழாமல் தடுக்கும். ஆயில் சம்ப்பில் தானே மரை வெட்டிக்கொள்ளும் பெரிய அடைப்பு தற்காலிகத்துக்கு மட்டுமே ஏற்றது.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டி ஆகியவற்றில் துளையைப் பெரிதாக்கி அளவை மாற்றுவதற்கு இடமில்லை. மரை கெட்ட பாகத்தையே மாற்றுவதுதான் அங்கே பழுதுபார்ப்பு.

முடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி தலையின் அடிப்புற உராய்விலும், பத்தில் நான்கு பங்கு மரை உராய்விலும் செலவாகி, பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. இதனால் உலர்ந்த மரைக்குக் குறிக்கப்பட்ட அளவை எண்ணெய் பூசிய மரையில் வைத்தால் போல்ட் மிகையாக நீண்டு அறுபடக்கூடும். முடுக்கியபின் குறித்த கோணம் வரை திருப்பி நீட்டப்படும் சிலிண்டர் தலைப் போல்ட்டுகளில் பலவற்றை, கழற்றிய பின் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று தயாரிப்பாளரின் கையேடு சொல்கிறது. சக்கர ஸ்டட் மாற்றப்பட்ட வண்டியில், 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் டார்க் ரெஞ்ச் கொண்டு நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். புதிய ஸ்டட் ஹப்பில் முழுமையாக அமர்வதற்கு அவ்வளவு ஓட்டம் தேவைப்படலாம்.