சோழமண்டலத் துணியும் கறுப்பினத்தவரின் உடைக்கலையும்

சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி, ஐரோப்பிய வணிகர் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் சென்றது. அதைக் கொண்டு கறுப்பின மக்கள் தமக்கென ஓர் உடைக்கலையை வளர்த்தனர்.

கடலூரும் பரங்கிப்பேட்டையும்

1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர்கள் பண்டகசாலை அமைத்தனர். இவர்களை இங்கு ஈர்த்த முதன்மைச் சரக்கு துணியே. நெசவாளர் முன்பணம் பெற்று, கேட்ட அளவில் நெய்து கொடுத்தனர்.

துணியும் அடிமை வணிகமும்

ஐரோப்பா சென்ற இந்தியத் துணியில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே மனிதர்களை அடிமைகளாக வாங்க, துணியே பண்டமாற்றுப் பொருளாயிற்று. அவுரி நீலம் தோய்த்த 'கினே' துணி 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து செனகலுக்குச் சென்று, வேலம்பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது.

உடுத்தியவர்களின் கைவண்ணம்

1786இல், ஸ்பெயின் ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநர் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மறைக்க வேண்டும் என ஆணையிட்டார். வெள்ளையருக்கு நிகராக அவர்கள் தோன்றக்கூடாது என்பதே நோக்கம். அப்பெண்களோ பகட்டான துணிகளை விதவிதமாகக் கட்டி, இழிவின் அடையாளத்தை அணிகலனாக்கினர். அத்துணிகளுள் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' துணியும் ஒன்று. மார்டினிக், செயின்ட் லூசியா தீவுகளின் மரபுடையில் அது இன்றும் உள்ளது.

நைஜீரியாவின் கலாபாரிப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 'இஞ்சிரி' என்று தாங்கள் அழைக்கும் இந்தியக் கட்டத்துணியில் சில இழைகளை வெட்டி உருவிப் புதிய கோலங்களைப் படைத்தனர். வெட்டியெடுத்த இழைகளே வடிவத்தை உண்டாக்கின.

பாரிசில் ஒரு கறுப்பினக் கலைஞர்

உடை வடிவமைப்பு தனித்தொழிலான பின்னரும் கறுப்பினத்தவருக்கு அதன் வாயில் எளிதில் திறக்கவில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1954இல் பிறந்த பேட்ரிக் கெல்லி, 1979இல் பாரிஸ் சென்று, தாம் தைத்த உடைகளைத் தெருவில் விற்றார். அறுந்த பொத்தான்களுக்குப் பதிலாக, கையில் கிடைத்த வேறுவேறு நிறப் பொத்தான்களை அவருடைய பாட்டி தைப்பது வழக்கம். அந்தப் பலநிறப் பொத்தான்களே பின்னர் கெல்லியின் முத்திரையாயின. 1988இல், பிரெஞ்சு ஆயத்த ஆடை வடிவமைப்பாளர் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் அமெரிக்கர் ஆனார். 1990 ஜனவரி 1 அன்று, 35 வயதில், எய்ட்ஸ் நோயால் மறைந்தார்.

தேவனாம்பட்டினத்தில் கோட்டையின் சிதைவுகளைக் காணும் மாணவர்கள், அங்கிருந்து கப்பலேறிய துணியின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உள்ளூர் வரலாறு உள்ளூரோடு முடிவதில்லை.