காலாவதியான பாடத்தை எங்கே வைப்பது?

திருச்சியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தில்லை நகர். மெயின் ரோட்டிலிருந்து வரிசையாகப் பிரியும் கிராஸ் தெருக்களில், மருத்துவமனைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் நடுவே, மாடிப்படி ஓரமாகப் பயிற்சி மையங்களின் பலகைகள் தொங்குகின்றன. துறையூர், முசிறி, லால்குடிப் பக்கமிருந்து வந்து சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் படிகளில் ஏறுகிறார்கள். டாஸ், ஃபாக்ஸ்புரோ, விஷுவல் பேசிக், ஜாவா, ஆண்ட்ராய்டு, பைத்தான் என்று பலகையில் உள்ள பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் பாடத்தை மாற்றுவதும், பழைய பாடத்தை எடுத்துவிடுவதும் அவ்வளவு எளிதாக நடந்ததில்லை.

மொபைல் செயலி எழுதக் கற்றுத்தரும் பாடங்கள்தான் இதில் மிகக் குறைந்த ஆயுள் கொண்டவை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கிய 2006-ல் செயலி எழுதுவது என்றால் சிம்பியன், ஜாவா எம்.ஈ. என்று பொருள். 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் ஃபோன் பக்கம் போவதாக அறிவித்தது. 2014 பிறந்ததும் சிம்பியனுக்கான புதிய செயலிகளை அதன் கடை வாங்குவது நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் நின்றது. ஆண்ட்ராய்டின் கதையும் வேகமானதுதான். முதலில் எக்லிப்ஸில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். 2013 மே மாதம் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அறிவிக்கப்பட்டது; எக்லிப்ஸ் செருகுநிரலை மேம்படுத்துவதை 2015 இறுதியோடு முடித்துக்கொள்வதாக கூகுள் சொல்லிவிட்டது. 2017 மே மாதம் ஜாவாவுக்குப் பக்கத்தில் கோட்லின் வந்து உட்கார்ந்தது. 2021 ஜூலையில் ஜெட்பேக் கம்போஸின் முதல் நிலையான பதிப்பு வந்தபோது திரையை வடிவமைக்கும் முறையே மாறியது. எழுதும் கருவி, மொழி, திரையைக் கட்டும் விதம் ஆகிய மூன்றும் பத்தாண்டுக்குள் மாறிவிட்டன.

இப்படிப்பட்ட துறையில் பழைய டுடோரியல் ஒன்று ஆவணத் தளத்தில் அப்படியே கிடந்தால் யாருக்குக் கேடு? அனுபவப்பட்டவர் இரண்டு வரி படித்ததும் இது பழசு என்று தெரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. சொன்னதைச் சொன்னபடி தட்டுவார், எர்ரர் வரும். மறுபடி தட்டுவார், மறுபடி எர்ரர். தவறு பாடத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றாது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆங்கில ஆவணத்தைச் சொல் சொல்லாகப் படித்துக்கொண்டு வரும் பிள்ளை, தனக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை, தனக்குக் கோடிங் வராது என்ற முடிவுக்கே வரும். பழைய பாடத்தை வழியிலிருந்து அகற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆனால் அகற்றுவதிலும் முறை இருக்கிறது. அதை விளக்க நம் மொழியையே தாங்கிவந்த ஒரு கைப்பேசியின் கதை இருக்கிறது.

ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, 2011 ஜூலையில் ஒரு புதிய முயற்சியை அறிவித்தது. கைப்பேசியின் இயங்குதளம் முழுவதையும் இணையத் தொழில்நுட்பத்தின் மேலேயே கட்டுவது என்பது அதன் நோக்கம். அடுத்த ஆண்டு அதற்கு ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்று பெயர் வந்தது. 2013 ஜூலையில் ஸ்பெயினில் முதல் கைப்பேசி கடைக்கு வந்தது. இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்தது 2014 ஆகஸ்டில். இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற அந்தக் கைப்பேசியின் விலை 1,999 ரூபாய். 3.5 அங்குலத் திரை, 128 எம்.பி. நினைவகம், 2 மெகாபிக்சல் கேமரா, 3ஜி கிடையாது. வசதிகள் குறைவுதான். ஆனால் இந்தியோடு தமிழும் அதில் இருந்தது. சில நாள்களிலேயே ஸ்பைஸ் நிறுவனமும் 2,299 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. ஸ்மார்ட்ஃபோன் என்பது பல ஆயிரம் ரூபாய்ப் பொருளாக இருந்த காலத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குத் தமிழ் பேசும் கருவி கிடைத்தது சாதாரண விஷயமில்லை.

செயலி எழுதுபவருக்கும் அதில் ஒரு கவர்ச்சி இருந்தது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் போதும். ஜாவாவோ தனியாக வேறு மொழியோ கற்க வேண்டாம். வலைப்பக்கம் எழுதுவதுபோல எழுதி, ‘மேனிஃபெஸ்ட்.வெப்ஆப்’ என்ற சிறு கோப்பில் செயலியின் பெயரையும் படவுருவையும் தேவையான அனுமதிகளையும் குறித்துவிட்டால் செயலி தயார். இதையெல்லாம் படிப்படியாகச் சொல்லித்தரும் பாடங்கள் மொசில்லாவின் ஆவணத் தளமான எம்.டி.என்.-இல் இருந்தன. முதல் செயலியை எழுதுவதில் தொடங்கி, குறுஞ்செய்தி அனுப்புவது, தொடர்புப் பட்டியலைப் படிப்பது வரை விரிவாக எழுதியிருந்தார்கள். தன்னார்வலர்களும் ஊழியர்களும் சேர்ந்து செய்த நல்ல வேலை அது.

அந்தப் பாடங்களுக்கு உயிரோடிருக்கும்போதே வயதாகிவிட்டது. செயலியைச் சோதித்துப் பார்க்க முதலில் சிமுலேட்டர் என்ற செருகுநிரலைப் பயன்படுத்தச் சொன்னார்கள். 2013 இறுதியில் வந்த ஃபயர்பாக்ஸ் 26-இல் அதன் இடத்துக்கு ஆப் மேனேஜர் வந்தது. ஓராண்டு கழித்து ஃபயர்பாக்ஸ் 34-இல் அதையும் தள்ளிவிட்டு வெப்ஐடிஈ வந்தது. ஒவ்வொரு முறையும் பாடத்தின் படங்களும் படிகளும் மாற வேண்டியிருந்தன. எழுதி முடித்த மை காய்வதற்குள் அடுத்த பதிப்பு. மாற்றுவதற்கு ஆள் கிடைத்த பக்கங்கள் மாறின. கிடைக்காதவை அப்படியே நின்றன.

2015 டிசம்பரில், செல்பேசி நிறுவனங்கள் வழியாக ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் கைப்பேசிகளை விற்பதை நிறுத்துவதாக மொசில்லா அறிவித்தது. 2016 செப்டம்பரில், அதற்கான நிரல்களை ஃபயர்பாக்ஸின் மூல நிரலிலிருந்தே எடுத்துவிடப்போவதாகச் சொன்னது. ஆவணத் தளத்தில் இருந்த பாடங்கள் காப்பகம் என்ற பிரிவுக்குப் போயின. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. ஆவணம் எழுதியவர்களும் அதில் அடக்கம். அந்த டிசம்பரில் எம்.டி.என். புதிய கட்டமைப்புக்கு மாறி, பக்கங்கள் கிட்ஹப் களஞ்சியத்துக்குக் குடிபெயர்ந்தன. காப்பகப் பிரிவு தனியே பிரிக்கப்பட்டு, பின்னர் தளத்திலிருந்தே விலகியது. இறந்துபோன இயங்குதளத்துக்குப் பாடம் எதற்கு என்று கேட்டால், நியாயமான கேள்வி.

ஆனால் அந்த இயங்குதளம் இறந்திருக்கவில்லை. அதன் திறந்த மூல நிரலை எடுத்துக் கைஓஎஸ் என்ற பெயரில் பொத்தான் கைப்பேசிகளுக்கு ஏற்றபடி வேறு ஒரு நிறுவனம் வளர்த்தது. 2017 ஜூலை 21-இல் ரிலையன்ஸ் பொதுக்குழுவில் முகேஷ் அம்பானி அறிவித்த ஜியோஃபோனுக்குள் இருந்தது அதுதான். திருப்பித் தரப்படும் வைப்புத்தொகையாக 1,500 ரூபாய் கட்டினால் கைப்பேசி கையில். காவிரிக்கரை வாழைத் தோட்டத்திலும் காந்தி மார்க்கெட்டிலும் வேலை பார்ப்பவர்களின் சட்டைப்பைக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் வாங்கினார்கள். 2018 செப்டம்பரில் வாட்ஸப்பும் அதில் வந்துவிட்டது.

அந்தக் கைப்பேசிக்குச் செயலி எழுத முன்வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது எது? அதே மேனிஃபெஸ்ட்.வெப்ஆப் கோப்பு, அதே அனுமதிகள், அதே பழைய கட்டளைகள். கைஓஎஸ் 2.5-இன் அடியில் இருந்தது, ஃபயர்பாக்ஸின் உலாவி இயந்திரமான கெக்கோவின் 2016 காலத்துப் பதிப்பு 48. அதை இணைத்துச் சோதிக்க வெப்ஐடிஈ வேண்டும். புதிய ஃபயர்பாக்ஸில் அது ஒத்துவரவில்லை. எனவே ஃபயர்பாக்ஸ் 59 போன்ற பழைய பதிப்பைத் தேடி எடுத்து நிறுவிக்கொண்டார்கள். கைஓஎஸ் நிறுவனம் தனியாக ஆவணம் எழுதியது என்றாலும், பல நுணுக்கங்களுக்கு எம்.டி.என்.-இன் பழைய பாடங்களையே தேட வேண்டியிருந்தது. பழைய முகவரியைத் தட்டினால் பக்கம் இல்லை என்ற செய்தி வரும். இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பு இல்லாவிட்டால் பாடு திண்டாட்டம்தான்.

இதில் மனதை உறுத்துவது ஒன்றுண்டு. எம்.டி.என். பிறந்ததே அழிந்துபோன ஆவணங்களை மீட்பதற்காகத்தான். நெட்ஸ்கேப் நிறுவனம் டெவ்எட்ஜ் என்ற தளத்தில் இணைய மொழிகளுக்கான பாடங்களை வைத்திருந்தது. அதன் உரிமையாளரான ஏ.ஓ.எல்., 2004 அக்டோபரில் அதை மூடியது. மொசில்லா பேசி அனுமதி வாங்கி, பயன்படும் பக்கங்களைப் பொறுக்கி எடுத்து 2005-இல் தொடங்கிய தளமே இன்றைய எம்.டி.என். தளம் மூடினால் கற்பவர் படும் பாட்டை அதைத் தொடங்கியவர்கள் நேரிலேயே அறிந்தவர்கள். தனியே பிரித்த காப்பகப் பக்கங்களை முழுக்க அழிக்காமல் களஞ்சியமாகவேனும் விட்டுவைத்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பழைய ஒழுங்கை மாற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய கேள்வி அன்று. ஸ்ரீரங்கத்தில் கோயிலொழுகு என்ற நூல் இருக்கிறது. கோயிலின் நடைமுறைகளையும் உரிமைகளையும் பல காலங்களில் பலர் எழுதிச் சேர்த்த பதிவு அது. அங்கு பணி செய்தவர்கள் முன்பு ஐந்து கொத்துகளாக, அதாவது குழுக்களாக, இருந்ததையும், இராமானுசர் அதைப் பத்துக் கொத்தாக விரித்ததையும் அது சேர்த்தே சொல்கிறது. நடப்பில் இருப்பது புதிய முறை. பழைய முறை என்னவென்பதும் தெரிகிறது. கும்பகோணம் பக்கத்துத் திருக்கோடிக்காவலில் 10-ஆம் நூற்றாண்டில் நடந்தது இன்னும் தெளிவானது. செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாக எழுப்பியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் கூடவே வெட்டப்பட்டது. அதன் பிறகே பழைய கற்கள் கைவிடப்பட்டன. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவிட்டுப் பழையதை விடுவது என்ற ஒழுங்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் நடைமுறையில் இருந்திருக்கிறது.

அகற்றாமலே விட்டதற்கும் நம்மிடம் சான்று உண்டு. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் தொகுதி, பல ஆண்டுகள் ஸ்டார்ஆஃபிஸ் என்ற மென்பொருளைக் கற்றுத்தந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் அந்தத் தயாரிப்பு, 2010-இல் ஆரக்கிளின் கைக்குப் போய், 2011-இல் நிறுத்தப்பட்டது. பாடநூலோ 2018-19 கல்வியாண்டு வரை அதே மெனுக்களையும் அதே குறுக்கு விசைகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னது. பைத்தான் இடம்பெற்ற புதிய நூல் 2019-இல்தான் வந்தது. பொதுத்தேர்வு, வினா வங்கி, ஆசிரியர் பயிற்சி, ஆய்வகக் கணினிகள் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் ஒரு பாடத்தை மட்டும் உருவி எடுக்க முடியவில்லை என்பது புரிகிறது. ஆனாலும், எங்கும் வாங்கக் கிடைக்காத மென்பொருளைத் தேர்வுக்காகப் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன மாணவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

சரியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பைத்தானின் ஆவணத் தளத்தில் 1990-களின் பதிப்புகள்கூடத் தனித்தனி முகவரியில் இருக்கின்றன. முதலில் திறப்பது எப்போதும் நடப்புப் பதிப்பு. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் பழைய ஆவணப் பக்கத்தைத் திறந்தால், இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை தலைப்பிலேயே நிற்கும். ஐஃபோன் செயலி எழுதப் புதியவர்களுக்காக உணவுப் பட்டியல் செயலி ஒன்றைக் கட்டிக்காட்டிய தன் பாடத்தை ஆப்பிள் காப்பகத்துக்கு மாற்றி, இனி இது புதுப்பிக்கப்படாது என்று மேலே எழுதி வைத்தது. ஒருவர் தேடி வந்து விழுந்தாலும், விழுந்த இடம் எது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஆவணம் எழுதுபவர்களிடமும் தில்லை நகரின் பயிற்சி மையங்களிடமும் கேட்க வேண்டியது இதுதான்: மாணவர் கையில் கொடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் அது எந்தப் பதிப்புக்கு, எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று போடுங்கள். அந்தப் பதிப்பு காலாவதியான அன்றே அதை வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்ததைக் குப்பையில் போடாமல் தேதியோடு ஓரிடத்தில் வையுங்கள். பழைய முகவரிக்கு வருபவருக்குப் புதிய பாடம் எங்கே, பழையது எங்கே என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.