பெயரை நம்புதல்: களப்பெயர் முறைமையின் பாதுகாப்பு வரலாறும் தமிழ் எழுத்தும்

முன்னுரை

இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டெழுதுபவர், அப்பெயர் தம்மை உரிய இடத்திற்கே கொண்டு சேர்க்கும் என்று நம்புகிறார். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, அரசு விண்ணப்பம் ஆகிய அனைத்தும் இந்நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. ஆயின் இணையத்திற்குத் தலைமைக் கணினி என ஒன்று இல்லை. உலகெங்கும் பரவிக் கிடக்கும் வழங்கிகள் தத்தம் பகுதியைத் தாமே ஆண்டுகொள்கின்றன. தலைமை இல்லாத இவ்வமைப்பில் ஒரு பெயர் மெய்யானது என்பதற்கு யார் பொறுப்பு என்னும் வினா, அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. முதலில் சில மனிதர்களின் நேர்மையும், அடுத்துக் கணிதமும் இதற்கு விடையாயின. தமிழ் எழுத்தில் தளப்பெயர்கள் அமையத் தொடங்கிய பின்னர், இவ்விரண்டும் போதா என்பது வெளிப்பட்டுள்ளது. இவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து, தமிழ் எழுத்தைப் பேணுவோர்க்கு இதில் உள்ள பொறுப்பை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரே பட்டியலின் காலம்

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் அவற்றின் எண் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் இயங்கிய வலைத் தகவல் மையம் அக்கோப்பைப் பேணியது. புதிதாக ஒரு கணினியை இணைக்க விரும்புவோர் அம்மையத்திற்குத் தெரிவிப்பர். மையம் பட்டியலைத் திருத்தும். ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொள்வர். பட்டியலைப் பேணுவோரையும் பயன்படுத்துவோரில் பலரையும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலம் அது. எனவே பாதுகாப்பு என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை.

வலை விரிந்தபோது இம்முறை தளர்ந்தது. பட்டியல் நீண்டது, அதனைப் படியெடுப்போர் பெருகினர், ஒருவர் திருத்தியது மற்றவர்க்கு எட்டுமுன் பழையதாயிற்று. ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் களப்பெயர் முறைமையை வடிவமைத்தார். 1987இல் வெளிவந்த அதன் திருத்திய வரையறை இன்றளவும் அடித்தளமாக விளங்குகிறது.

பகிர்ந்தளித்த தன்னாட்சி

புதிய முறைமையின் சிறப்பு, அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தமை ஆகும். உச்சியில் உள்ள வேர், ‘.காம்’ போன்ற மேற்களங்களை யார் நடத்துகின்றனர் என்பதை மட்டுமே அறியும். மேற்களம் தன்கீழ் உள்ள களங்களை அறியும். ஒவ்வொரு களமும் தன் எல்லைக்குள் தானே தலைமை. இடையில் உள்ள வழங்கிகள் ஒருமுறை பெற்ற விடையைக் குறித்த காலம் வரை சேமித்து வைத்துக் கேட்போர்க்கெல்லாம் வழங்குவதால், வேரின் சுமை குறைகிறது. எவரும் முழுமையையும் அறியாமலே முழுமையும் இயங்கும் அமைப்பு இது.

எனினும் இம்முறைமையில் ஒரு குறை இருந்தது. வந்த விடை உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று சோதிக்க அதில் வழியில்லை. ஒவ்வொரு வினாவுடனும் ஓர் எண் அனுப்பப்படும்; அதே எண்ணுடன் முதலில் வந்த விடை ஏற்கப்படும். அவ்வெண் 65,536 வாய்ப்புகளுள் ஒன்று மட்டுமே. அதனை ஊகித்து முந்திக்கொள்பவர் பொய்விடையை ஏற்கச் செய்ய இயலும்.

இம்முறைமையின் நம்பகமின்மையை ஸ்டீவன் பெல்லோவின் 1990இலேயே ஆராய்ந்து எழுதினார். தீயோர் கையில் கருவியாகிவிடும் என்னும் அச்சத்தால் அக்கட்டுரை 1995 வரை வெளியிடப்படவில்லை. 2008இல் டான் காமின்ஸ்கி இன்னும் கடுமையான வழியொன்றைக் கண்டறிந்தார். இல்லாத துணைப்பெயர்களை அடுக்கடுக்காகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் எண்ணை ஊகித்துப் பொய்விடைகளை அனுப்பினால், குறுகிய நேரத்தில் ஒரு முழுக் களத்தையே திசை திருப்பலாம் என்பது அவர் கண்டது. அவர் அதனை மறைவாக உரிய நிறுவனங்களுக்குத் தெரிவித்தார். பல நிறுவனங்கள் ஒருங்கிணைந்து 2008 ஜூலை 8ஆம் நாள் ஒரே வேளையில் திருத்தங்களை வெளியிட்டன. அத்திருத்தமும் ஊகிப்பதைக் கடினமாக்கியதேயன்றி, விடையின் மெய்ம்மையை உறுதி செய்யவில்லை.

ஒரு மனிதரும் ஒரு மடலும்

வேரைப் பொறுத்தவரையிலும் நம்பிக்கை மனிதரையே சார்ந்திருந்தது. 1998 ஜனவரி 28ஆம் நாள் ஜான் போஸ்டல், வேர் வழங்கிகளை நடத்துவோருள் எண்மருக்கு ஒரு மடல் எழுதினார். வழக்கமான மூலத்தை விடுத்து, தம் பொறுப்பில் உள்ள கணினியிலிருந்து வேர்ப் பட்டியலைப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் இணங்கினர். அமெரிக்க அரசு குறுக்கிட்டதும் பழைய நிலை திரும்பியது. அதனை ஒரு சோதனை என்று போஸ்டல் விளக்கினார். தீங்கொன்றும் விளையவில்லை. ஆனால் ஒருவர் எழுதிய ஒரு மடல் உலக இணையத்தின் உச்சியை இடம் மாற்றவல்லது என்பது அன்று புலனாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் ஐகான் நிறுவனம் தோன்றியது. அக்டோபர் 16ஆம் நாள் போஸ்டல் மறைந்தார். தனிமனிதரின் நன்மதிப்பால் நடந்த காலம் அவரோடு முடிந்தது எனலாம்.

ஒப்பமும் சடங்கும்

கணிதம் தந்த விடை மின்னொப்பம் ஆகும். ஒவ்வொரு களமும் தன் விடைகளில் ஒப்பமிடும். அவ்வொப்பத்தைச் சரிபார்க்கும் திறவுகோலுக்கு மேற்களம் சான்று கூறும். மேற்களத்திற்கு வேர் சான்று கூறும். டிஎன்எஸ்செக் எனப்படும் இம்முறையின் முதல் வரையறை 1997இல் வெளிவந்தது. நடைமுறைக்கு ஏற்ற வடிவம் 2005இல் அமைந்தது. 2010 ஜூலை 15ஆம் நாள் வேரே ஒப்பமிடப்பட்டது.

வேருக்குச் சான்று கூறுவது யார்? வேருக்கு மேல் எதுவும் இல்லை. இங்குக் கணிதம் மீண்டும் மனிதரிடம் வந்து நிற்கிறது. இதற்காக வகுக்கப்பட்டதே திறவுகோல் நிகழ்வு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர், கலிபோர்னியாவில் எல் செகுண்டோ என இரு இடங்களில், ஆண்டுக்கு நான்கு முறை இது நடைபெறுகிறது. பல நாடுகளைச் சார்ந்த 21 சமூகப் பேராளர்கள் இதற்கெனத் தெரிவு செய்யப்பட்டனர். ஓர் இடத்திற்கு எழுவர்; அவர்களுள் குறைந்தது மூவர் கூடினால்தான் திறவுகோல் உள்ள கருவி இயங்கும். எஞ்சிய எழுவர், பேரிடர் நேர்ந்தால் மீட்பதற்கான பங்குகளை வைத்திருப்பர். அவர்களுள் ஐவர் ஒன்றுகூட வேண்டும். ஒவ்வொரு படியும் முன்கூட்டியே எழுதப்பட்ட நிரலின்படி நிகழ்ந்து, இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பப்படுகிறது.

இங்கு நம்பிக்கைக்கு அடிப்படை கமுக்கம் மட்டுமன்று. அனைவரும் காணுமாறு செய்தலும் ஆகும். 2020 பிப்ரவரியில் பெட்டகம் ஒன்றின் பூட்டுத் திறக்காமையால் நிகழ்வு தள்ளிப்போனது, அச்செய்தியும் மறைக்கப்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் பெருந்தொற்றால் பேராளர்கள் பயணம் செய்ய இயலாதபோது, குறைந்த பணியாளர்களுடன் நிகழ்வு நடத்தப்பட்டு, ஒன்பது மாதங்களுக்கு உரிய ஒப்பங்கள் ஒருசேர இடப்பட்டன. 2017 அக்டோபரில் நடைபெற வேண்டிய வேர்த் திறவுகோல் மாற்றம், அதற்கு ஆயத்தமாகாத வழங்கிகள் பல உள்ளன என்று தெரிந்ததும் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டு, 2018 அக்டோபர் 11இல் நிறைவேறியது. தன்னாட்சி உடைய பல்லாயிரம் வழங்கிகளுக்குக் கட்டளையிட எவராலும் இயலாது. அவை ஆயத்தமாகும்வரை காத்திருக்கவே இயலும்.

விளிம்பில் உள்ள இடர்

வேர் வலுப்பெற்றபின் இடர் விளிம்புக்கு நகர்ந்தது. 1991இல் மார்க் வைசர், கணினிகள் எங்கும் பரவிக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும் காலத்தை முன்னுரைத்தார். அக்காலம் வந்துள்ளது, அக்கருவிகளைப் பேணுவோர்தாம் இல்லை. 2016 அக்டோபர் 21ஆம் நாள் டைன் என்னும் களப்பெயர் சேவை நிறுவனம் தாக்கப்பட்டபோது, அமெரிக்காவில் புகழ்பெற்ற பல தளங்கள் பல மணி நேரம் எட்டாதவையாயின. தாக்கியவை வீடுகளில் இருந்த கண்காணிப்புக் கேமராக்களும் வலைக் கருவிகளும் ஆகும். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றாமையால், மிராய் என்னும் தீநிரல் அவற்றுள் எளிதாகப் புகுந்தது.

கருவி ஒரு விளிம்பு என்றால், படிப்பவரின் கண் மற்றொரு விளிம்பாகும். தமிழ் எழுத்துக்கு உரிய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்ப் பெயர்கள்

1990களின் நடுப்பகுதியில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோருடன் இணைந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு அம்முயற்சியின் தொடர்ச்சி. 1998இல் அதே பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழு, ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் களப்பெயர்களை அமைக்கும் ஆய்வில் முன்னோடியாக ஈடுபட்டது. தமிழை வலையேற்றிய சூழலே பன்மொழிக் களப்பெயர்க்கும் ஒரு தொட்டிலாக அமைந்தமை நம் வரலாற்றில் பதிவு செய்யத்தக்கது.

2003இல் இதற்கான உலகத் தரம் வெளிவந்தது. பழைய முறைமையை மாற்றாமல், தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு தொடராக மாற்றி அனுப்பும் வழி அதில் வகுக்கப்பட்டது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் மேற்களங்கள் வேரில் இடம்பெற்றன.

ஔவையும் ஒளவையும்

2002ஆம் ஆண்டிலேயே கப்ரிலோவிச், கோன்ட்மாகர் ஆகிய இருவர், சிரில்லிக் எழுத்துகளைக் கலந்து புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரைப் போன்றே தோன்றும் களப்பெயரைப் பதிந்து காட்டினர். எழுத்து வேறு, தோற்றம் ஒன்று. தமிழில் இவ்விடர் பிற எழுத்துமுறைகளின் கலப்பின்றியே உள்ளது.

‘கௌரி’ என்பதை ஔகார உயிர்மெய்யாகவும் எழுதலாம். ‘கெளரி’ என ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் சேர்த்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு முற்றிலும் வெவ்வேறு. ‘ஔவை’, ‘ஒளவை’ என்பனவும் அவ்வாறே. பிழையாகத் தட்டெழுதிய இவ்வடிவங்கள் அச்சிதழ்களிலும் வலைத்தளங்களிலும் மலிந்துள்ளமையை நாம் அறிவோம். ‘ஸ்ரீ’ என்பதைத் தொடக்கத்தில் ஸகரத்தைக் கொண்டே குறியேற்றினர். 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்ந்தபின் அதற்கு இரு வடிவங்கள் ஆயின. தமிழ் எண்களுள் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்துள்ளன. மலையாள எழுத்துகளுள் சிலவும் தமிழ் எழுத்துகளைப் போன்றே தோன்றுகின்றன.

இங்கு மின்னொப்பம் உதவாது. ‘கௌரி’க்கு உரியவரும் ‘கெளரி’யைப் பதிந்த ஏமாற்றுக்காரரும் தத்தம் பெயர்க்கு முறையான ஒப்பத்தைப் பெறலாம். கணிதம் இரண்டையும் மெய் என்றே கூறும். அது கூறுவதில் பிழையும் இல்லை. இரண்டும் ஒன்றெனத் தோன்றுகின்றன என்பதைத் தமிழ் படிப்பவரே அறிவர்.

இதனை உணர்ந்தே ஐகான், வேரில் இடம்பெறும் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் பணியை அந்தந்த எழுத்துச் சமூகத்தின் குழுக்களிடம் ஒப்படைத்தது. தமிழ் உள்ளிட்ட ஒன்பது எழுத்துமுறைகளுக்கு நவ பிராமிக் குழு அமைந்தது. தமிழுக்கான முன்மொழிவு 2019இல் நிறைவுற்றது. எனினும் அவ்விதிகள் வேருக்கு மட்டுமே உரியவை. மேற்களத்தின்கீழ் யார் எப்பெயரைப் பதியலாம் என்பதை அந்தந்த நாட்டின் பதிவகமே முடிவு செய்கிறது. எழுத்து ஒன்று, பதிவகங்கள் மூன்று. ஓரிடத்தில் தடுக்கப்படும் ஒப்புரு மற்றோரிடத்தில் ஏற்கப்படுமாயின், மூன்று நாட்டுத் தளங்களையும் பயன்படுத்தும் புலம்பெயர் தமிழர்க்கு அது பொறியாகும்.

முடிவுரை

ஃபெயின்லரின் பட்டியல் முதல் திறவுகோல் நிகழ்வு வரையிலான வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. தலைமையற்ற அமைப்பில் நம்பிக்கை தானாக விளைவதில்லை; பலர் கூடி, வெளிப்படையாக, மீண்டும் மீண்டும் அதனை உருவாக்க வேண்டியுள்ளது. தமிழ்க் களப்பெயர்க்கும் இதுவே பொருந்தும். மூன்று பதிவகங்களும் தத்தம் தன்னாட்சியை விட்டுக்கொடுக்காமலே, ஒப்புருக்களின் பொதுப்பட்டியல் ஒன்றை ஏற்கலாம். அப்பட்டியலை மொழியறிஞரும் எழுத்துரு வடிவமைப்போரும் கணினியறிஞரும் கூடித் தொகுக்கலாம். பொதுமக்களைக் கொண்டு சோதிக்கலாம். ஒப்புருக்களுள் ஒன்று பதியப்பட்டால் மற்றது தடுக்கப்படவோ, அதே உரிமையாளர்க்கே வழங்கப்படவோ விதி செய்யலாம். ஔகாரக் குறியையும் ளகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் எழுத்துருக்களை முகவரிப் பட்டையிலேனும் வழக்கிற்குக் கொணரலாம்.

எழுத்துச் சீர்மை பற்றி நாம் நெடுங்காலமாக விவாதித்து வருகிறோம். அவ்விவாதம் இதுவரை அழகும் எளிமையும் மரபும் பற்றியதாக இருந்தது. இனி அது, தமிழில் முகவரியைப் படித்து நம்பும் ஒருவரின் சேமிப்பையும் தன்மறைப்பையும் காப்பது பற்றியதும் ஆகும். இப்பணியைப் பிறர் செய்யட்டும் என்று நாம் விட்டுவிடின், பாதுகாப்புக் கருதித் தமிழ்ப் பெயரைத் தவிர்த்து ஆங்கிலப் பெயரையே நாடும் நிலை உருவாகும். அந்நிலை வருமுன் செயற்படுதல் தமிழாய்வுலகின் கடனாகும்.