முழு மாத்திரை, அரை மாத்திரை: மெர்காப்டோப்யூரினின் கதை

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரு சின்ன மாத்திரையோட வரலாறு. பேரு 6-மெர்காப்டோப்யூரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேரு நல்லாத் தெரியும். சீட்டுல இப்படிக்கூட எழுதியிருக்கும்: திங்கள் ஒண்ணு, செவ்வாய் அரை, புதன் ஒண்ணு. இரண்டு வாரம் கழிச்சு அந்தக் கணக்கு மாறும். எதுக்கு இவ்வளவு நுணுக்கம்? அதுக்குப் பதில் சொல்ல எழுபது வருஷம் பின்னாடி போகணும்.

1940-களில் குழந்தைக்கு அக்யூட் லுக்கீமியா என்றால், பெரும்பாலும் மூன்று நான்கு மாதம்தான் உயிர். 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. அந்த மருந்து வந்தது எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழுவிடமிருந்து. அவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆனா அடங்கின நோய் சில மாதத்திலேயே திரும்பி வந்தது. இன்னொரு மருந்து வேணும்.

அதை உருவாக்கியவர் கெர்ட்ரூட் எலியன். பதினைந்து வயதில், வயிற்றுப் புற்றுநோயால் தாத்தா இறப்பதைப் பார்த்தவர். 1937-ல் வேதியியல் பட்டம் வாங்கியும், பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் வேலை தரவில்லை. கொஞ்ச காலம் ஓர் உணவு கம்பெனியில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலை பார்த்தார். 1944-ல் நியூயார்க் அருகே பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

இவங்க ரெண்டு பேரோட யோசனை எளிமையானது. ஒரு செல் இரண்டாகப் பிரியணும்னா புதுசா டிஎன்ஏ கட்டணும். அதுக்குச் செங்கல் மாதிரி சில மூலப்பொருள் வேணும். அசல் மாதிரியே இருக்கிற போலிச் செங்கலைக் கொடுத்தா? செல் அதை எடுத்துக்கும், கட்டடம் நின்னுடும். அப்படி 1951 வாக்கில் தயாரான போலிச் செங்கல்தான் 6-மெர்காப்டோப்யூரின். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில் ஜோசப் பர்ச்சனால் குழு அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1953-லேயே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளோடு இதுவும் சேர்ந்தபின், சராசரி ஆயுள் சுமார் 12 மாதமானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். போலிச் செங்கலுக்கு நோய் செல், நல்ல செல் என்ற வித்தியாசம் முழுசாத் தெரியாது. வேகமாகப் பிரியும் எலும்பு மஜ்ஜை செல்களும் அடிவாங்கும். வெள்ளை அணுக்கள் குறைந்தால் தொற்று வரும். தட்டணுக்கள் குறைந்தால் ரத்தக்கசிவு வரும். கல்லீரலும் பாதிக்கப்படலாம். அதாவது பக்கவிளைவும் மருந்தின் வேலையும் ஒரே வேரிலிருந்து வருபவை. அதனால்தான் ரத்த எண்ணிக்கை பார்த்து, மருந்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறார்கள். எண்ணிக்கை ரொம்ப இறங்கினா ஆபத்து. இறங்கவே இல்லைன்னா மருந்து போதலைன்னு அர்த்தமா இருக்கலாம்.

1960-களில் டொனால்ட் பிங்கல் போன்றவர்கள் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில், சுமார் பாதிக் குழந்தைகளுக்கு நோய் நிரந்தரமாகக் குணமாகும் நிலை வந்தது. ஆஸ்பத்திரிச் சிகிச்சை முடிந்தபின் வீட்டிலேயே வருடக்கணக்கில் தினமும் மாத்திரை. அதிலிருந்து பாதிப் பொறுப்பு அம்மா அப்பா கைக்கு வந்தது.

அதே காலத்தில் எலியனின் குழு இன்னொன்றைக் கண்டது. நம் உடம்பில் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த மருந்தை உடைத்து வீணாக்குகிறது. அதைத் தடுத்தால் மருந்து கூடுதலாக வேலை செய்யுமே என்று அலோப்யூரினாலை முயன்றார்கள். மருந்தின் பலன் கூடியது. ஆனா நஞ்சும் அதே அளவுக்குக் கூடியது, லாபமில்லை. ஆனால் அதே அலோப்யூரினால் யூரிக் அமிலத்தைக் குறைத்தது. 1966-ல் கவுட் மூட்டுவலிக்கு மருந்தாக அனுமதி பெற்றது. இன்னைக்கும் பல வீட்டு மருந்து டப்பாவுல அது இருக்கு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட நேர்ந்தால், மெர்காப்டோப்யூரினை மூன்றில் ஒரு பங்காகவோ கால் பங்காகவோ மருத்துவர் குறைத்தாக வேண்டும். தெரியாமல் சேர்த்தால் மஜ்ஜையே ஸ்தம்பித்துவிடும்.

அப்புறமும் ஒரு புதிர் மிச்சம் இருந்தது. ஒரே எடை, ஒரே அளவு மருந்து. ஒரு குழந்தை தாங்குது, இன்னொரு குழந்தைக்கு எண்ணிக்கை சரிஞ்சு விழுது. ஏன்? 1980-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் வைன்ஷில்பௌம் பதில் சொன்னார். மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டிபிஎம்டி என்ற நொதி, சுமார் 300 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாகவே அநேகமாக இல்லை. அவர்களுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். 2014-ல் கொரிய ஆய்வாளர்கள் என்யுடிடி15 என்ற மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். அதன் மாறுபாடு ஐரோப்பியரைவிட ஆசியர்களிடம் அதிகம். அப்போ மேல்நாட்டுப் புத்தகத்தில் இருக்கும் அளவு நம்ம ஊர்க் குழந்தைக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. வசதி இருக்கிற இடத்தில் இந்த மரபணுச் சோதனை உண்டா என்று கேட்கலாம்.

பயந்துபோய் மாத்திரையை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. ஸ்மிதா பாட்டியா குழுவினர் மாத்திரை பாட்டிலின் மூடியில் சிப் வைத்து, அது திறக்கப்பட்ட நாட்களைப் பதிவு செய்தார்கள். நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் தவறவிட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ராத்திரிதான் தரணும், வெறும் வயிறா இருக்கணும், பால் கூடாதுன்னு பழைய கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றைக் கடைப்பிடிக்காததால் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2017-ல் அதே ஆய்வு காட்டியது. தினமும் தவறாமல் சாப்பிடுவதுதான் முக்கியம். உங்களுக்குத் தோதான நேரத்தை மருத்துவரிடம் பேசி முடிவு பண்ணிக்கோங்க.

இந்த வரலாற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியவை: ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப் போடாதீங்க. காய்ச்சல், புதுசா ரத்தக்கசிவு, கண்ணில் மஞ்சள் தெரிஞ்சா விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. யூரிக் அமில மாத்திரை, அலோப்யூரினாலோ ஃபெபுக்ஸோஸ்டாட்டோ, எதுவானாலும் முதல்லயே சொல்லுங்க. தடுப்பூசி போடும் முன் புற்றுநோய் மருத்துவரைக் கேளுங்க. மாத்திரையைப் பாதியாக்கும்போது கையுறை போடுங்க, பொடி பறக்க விடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா மறுநாள் ரெண்டாகக் கொடுக்காதீங்க, போன் பண்ணிக் கேளுங்க.

1988-ல் எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும், ஜேம்ஸ் பிளாக்கோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. முனைவர் பட்ட ஆய்வை முடிக்காமலேயே அந்த மேடைக்குப் போனவர் எலியன். சீட்டில் இருக்கிற அந்த 'அரை' இத்தனை பேர் தேடிக் கண்டுபிடிச்ச கணக்கு. அதை நீங்களாக முழுசாக்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். சந்தேகம் வந்தா எழுதி வெச்சுக்கிட்டு அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.